விடுமுறைச் சந்திப்பின் மகிழ்ச்சி: ஏமி கார்மைக்கேலை முன்வைத்து

கேள்வி

மிஷனெரிக் கடிதங்களில் ஒரு வகை உண்டு. படித்துப் பழகியவர்கள் முதல் பத்தியிலேயே அதை இனங்கண்டுகொள்வார்கள். எழுதுபவர் ஒரு பெண். கோடை விடுமுறைக்கு மலைக்கோ கடற்கரைக்கோ போயிருக்கிறார். உலாவப் போன பாதையிலோ ரயில் பெட்டியிலோ யாரோ ஒருவர் எதிர்ப்படுகிறார். பேச்சு வளர்கிறது. சுவிசேஷத்தைச் சொல்ல இடம் கிடைக்கிறது. கேட்டவரின் முகம் மலர்கிறது. ஓய்வெடுக்க வந்த இடத்திலும் ஆண்டவர் ஒரு வாசலைத் திறந்தார் என்ற நன்றியோடு கடிதம் முடிகிறது.

இத்தகைய கடிதங்களை விசுவாசிகள் சாட்சியாகப் படித்தார்கள். விமர்சகர்களோ காணிக்கை திரட்டும் விளம்பரம் என்று ஒதுக்கினார்கள். முதல் தரப்புக்கு அந்த மகிழ்ச்சி வானத்திலிருந்து வந்தது, இரண்டாம் தரப்புக்கு அது செய்து காட்டியது. எப்படியிருந்தாலும் அது எந்தச் சூழலில் முளைத்தது என்று கேட்கும் தேவை இருவருக்குமே ஏற்படவில்லை. இக்கட்டுரை அதைத்தான் கேட்கிறது. அன்றாட ஊழியத்தில் அரிதாகக் காணப்படும் இந்த மகிழ்ச்சி, விடுமுறைப் பக்கங்களில் மட்டும் ஏன் இவ்வளவு தாராளமாகப் பெருகுகிறது?

இதற்கு ஏமி கார்மைக்கேலை எடுத்துக்கொள்வதற்குக் காரணம் உண்டு. அயர்லாந்தின் வடகிழக்கில் 1867இல் பிறந்து, 1895 நவம்பரில் இந்தியா வந்து, 1951 ஜனவரியில் திருநெல்வேலிச் சீமையின் டோனாவூரில் இறந்தவர். இடைப்பட்ட 55 ஆண்டுகளில் ஒருமுறைகூடத் தாய்நாட்டுக்குத் திரும்பவில்லை. மிஷனெரிகளுக்கு உரிய நீண்ட ஊர்விடுப்பை எடுத்துக்கொள்ளாதவர் என்பது அவரைப் பற்றி எல்லோரும் சொல்லும் செய்தி. ஆனால் கோடையில் மலைக்குப் போனார். மலையைப் பற்றி எழுதினார். ஊர்விடுப்பு வேறு, மலைவாசம் வேறு என்ற வேறுபாட்டைப் பக்தி நூல்கள் பெரிதாகக் கண்டுகொள்வதில்லை.

அவரைப் பற்றிய புத்தகங்களில் ஃபிராங்க் ஹௌட்டன் 1953இல் எழுதியதும் எலிசபெத் எலியட் 1987இல் எழுதியதும் முக்கியமானவை. இரண்டுமே அவரை நேசிப்பவர்கள் எழுதியவை. தகவல் செறிவும் அந்த நெருக்கத்தின் குறைகளும் இரண்டிலும் உண்டு. கல்விப்புலத்தில் வேறு மூன்று நூல்கள் உதவுகின்றன. மலைவாசத்தலங்களைப் பற்றிய டேன் கென்னடியின் 1996ஆம் ஆண்டு நூல், மிஷனெரி எழுத்தும் பேரரசும் குறித்து ஆனா ஜான்ஸ்டன் 2003இல் வெளியிட்ட ஆய்வு, தென்னிந்தியப் புராட்டஸ்டண்ட் பெண்களைப் பற்றி எலைசா கென்ட் 2004இல் எழுதியது. முதலாவது இடத்தைப் பேசுகிறது, இரண்டாவது எழுத்தின் தேவையை, மூன்றாவது மதம் மாறிய பெண்களின் வாழ்க்கையை. மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால்தான் விடுமுறைச் சந்திப்பு என்ற சின்ன விஷயம் கண்ணில் படுகிறது.

கடற்கரையில் தொடங்கிய பழக்கம்

விடுமுறையை ஊழியத்தோடு சேர்ப்பது இந்தியாவில் தோன்றிய வழக்கமன்று. 1868ஆம் ஆண்டுக் கோடையில் வேல்ஸ் நாட்டின் லாண்டட்னோ கடற்கரையில் ஜோசையா ஸ்பியர்ஸ் என்பவர் மணலில் வேதவசனம் ஒன்றைப் பெரிய எழுத்தில் வரைந்தார். விளையாட வந்த பிள்ளைகளைக் கூழாங்கல்லும் சிப்பியும் பொறுக்கிவந்து எழுத்துகளை அலங்கரிக்கச் சொன்னார். அலங்காரம் முடிந்ததும் கதை சொன்னார். சிறுவர்களுக்கான சிறப்பு ஊழியம் என்ற அவருடைய அமைப்பு அதற்கு முந்திய ஆண்டுதான் தொடங்கியிருந்தது. அந்த மணல் எழுத்திலிருந்து கடற்கரை ஊழியம் என்று ஒரு துறையே வளர்ந்தது.

இதில் கவனிக்க வேண்டியது காலப்பொருத்தம். ரயில் வந்து நடுத்தர வர்க்கக் குடும்பங்கள் கோடைக்குக் கடற்கரை போகத் தொடங்கிய பருவம் அது. ஊரில் பள்ளி, வேலை, தகுதி வேறுபாடு என்று பிரிந்திருப்பவர்கள் கடற்கரையில் ஒரே மணலில் உட்காருகிறார்கள். நேரம் இருக்கிறது. அன்னியரோடு பேசுவது அங்கே மரியாதைக் குறைவு ஆகாது. 1875இல் இங்கிலாந்தின் ஏரிப்பகுதிச் சிற்றூரான கெஸ்விக்கில் தொடங்கிய ஆன்மீகக் கூட்டங்களும் கோடையில், கூடாரம் அடித்து, இயற்கை அழகு நிறைந்த உல்லாசத் தலத்தில்தான் நடந்தன. அந்தக் கெஸ்விக் இயக்கம் ஆதரவு கொடுத்து வெளிநாட்டுக்கு அனுப்பிய முதல் மிஷனெரி ஏமி கார்மைக்கேல். விடுமுறையிடத்தில் தேவனைச் சந்திக்கலாம் என்ற எண்ணம் அவர் மூட்டைமுடிச்சோடு சேர்ந்தே வந்தது.

அமெரிக்கக் கிளை வேறு மாதிரி. 1898இல் நியூயார்க் நகரில் எலைசா ஹாஸ் என்ற அம்மையார், கோடையில் தெருவில் திரியும் பிள்ளைகளுக்காக ஒரு பீர்க்கடைக் கூடத்தை வாடகைக்கு எடுத்து வகுப்பு நடத்தினார். 1901இல் ராபர்ட் போவில் அதை ஒரு இயக்கமாக்கினார். நம்மூரில் மே மாதம் வந்தால் கலர் பேனரோடு ஆலய வளாகத்தில் முளைக்கும் வி.பி.எஸ். என்ற விடுமுறை வேதாகமப் பள்ளி அதன் வழித்தோன்றல். பாட்டும் கைதட்டலும் ரஸ்னாவும் பிஸ்கட்டுமாகப் பத்து நாள் கழியும். அதற்குப் போன இந்துப் பிள்ளைகளில் நானும் ஒருவன். பாட்டு இன்னும் ஞாபகம் இருக்கிறது, பாடம் ஞாபகமில்லை. அந்தப் பத்து நாளுக்குப் பிறகு என் வீட்டுக்கு யாரும் வந்து எதுவும் கேட்கவுமில்லை. இதைச் சொந்தக் கதைக்காகச் சொல்லவில்லை. ‘பிறகு’ என்ற ஒன்று இல்லாதிருந்ததுதான் அந்த மகிழ்ச்சிக்கு அடிப்படை என்று நான் சந்தேகிப்பதற்கு முதல் சாட்சி நானே.

மலைக்குப் போவது யார்?

தமிழ் நாட்டில் மிஷனெரி விடுமுறை பயத்தில் பிறந்தது. 1834இல் மதுரைக்கு வந்த அமெரிக்க மிஷனைச் சேர்ந்தவர்கள் காலராவுக்கும் காய்ச்சலுக்கும் தொடர்ந்து உயிர்களைப் பறிகொடுத்தார்கள். முதலில் சிறுமலையில் ஒதுங்கிப் பார்த்தார்கள், சரிப்படவில்லை. பிறகு பழனி மலைத்தொடரில் ஏறி 1845இல் சன்னிசைடு, ஷெல்டன் என்று இரண்டு பங்களாக்கள் கட்டினார்கள். கொடைக்கானல் தொடங்கியது அப்படித்தான். கவர்னரோ கலெக்டரோ தொடங்கிய ஊர் அன்று அது. மோட்டார் சாலை வருவதற்கு முன் பெரியகுளம் பக்கம் கிருஷ்ணம்ம நாயக்கன் தோப்பில் இறங்கி, கூலிகள் தூக்கும் நாற்காலியிலோ டோலியிலோ, குதிரையிலோ, நடந்தோ ஏற வேண்டும்.

வெள்ளையர் உடம்பு சமவெளி வெயிலைத் தாங்காது என்பதுதான் இதற்கெல்லாம் சொல்லப்பட்ட நியாயம். மருத்துவ நியாயம் என்பதால் மிஷன் சபைகள் அதைச் செலவுக் கணக்கில் ஏற்றுக்கொண்டன. ஆனால் அதே வெயிலில், அதே கிராமங்களில், அதே மாட்டுவண்டியில் சுற்றிய உபதேசியாரின் உடம்பையும் பைபிள் உமன் எனப்பட்ட உள்ளூர் ஊழியப் பெண்ணின் உடம்பையும் இந்த நியாயம் தொடவில்லை. காலரா அவர்களையும் கொன்றது. அவர்களை அழைத்துப்போக எந்த டோலியும் கீழே காத்திருக்கவில்லை. பிரிட்டிஷார் மலைத்தலங்களில் தங்கள் ஊரைத் திரும்பக் கட்டிக்கொள்ள முயன்றார்கள் என்று கென்னடி காட்டுகிறார். மிஷனெரிகளின் மலைகள் விஷயத்தில் இதோடு ஒன்றைச் சேர்க்க வேண்டும்: ஓய்வு ஒரு உரிமையாக முதலில் இனவாரியாகப் பங்கிடப்பட்டது.

மலைப் பருவத்துக்கு இன்னொரு பயனும் இருந்தது. சமவெளியில் ஆளுக்கொரு மூலையில் கிடந்தவர்கள் அங்கேதான் ஒருவரையொருவர் பார்த்தார்கள். ஏமி 1896இல் மிஷனெரி தாமஸ் வாக்கரைச் சந்தித்தது நீலகிரியில். தமிழை ஒழுங்காகப் படிக்க வேண்டுமானால் திருநெல்வேலிப் பக்கம் வாருங்கள் என்ற வாக்கரின் ஆலோசனைதான் அவ்வருடக் கடைசியில் அவரைத் தெற்கே இழுத்தது. அவருடைய வாழ்நாள் ஊழியத்தின் திசையே ஒரு விடுமுறைச் சந்திப்பில் முடிவானது என்று சொன்னால் மிகையாகாது. ஆனால் அந்தச் சந்திப்பு இரண்டு ஐரோப்பியர்களுக்கிடையே நடந்தது. கடிதங்கள் கொண்டாடும் சந்திப்பு அந்த வகையைச் சேர்ந்ததன்று.

இரண்டு புத்தகங்கள்

திருநெல்வேலியில் ஏமி தமிழ்ப் பெண்கள் சிலரோடு ஒரு குழுவாக ஊர் ஊராகப் போனார். ஜனங்கள் அவர்களை நட்சத்திரக் கூட்டம் என்று அழைத்தார்கள். அந்தக் குழுவின் மூத்த கை பொன்னம்மாள், ஒரு விதவை. இந்தப் பயணங்களைப் பற்றி ஏமி ஊருக்கு எழுதிய கடிதங்களைத் தொகுத்த கைப்பிரதி, மிகவும் சோர்வூட்டுகிறது, கொஞ்சம் உற்சாகமாக மாற்றித் தரமுடியுமா என்ற கோரிக்கையோடு திரும்பி வந்தது. இதை அவருடைய வரலாற்றை எழுதியவர்கள் எல்லோரும் குறிப்பிடுகிறார்கள். அவர் மாற்றவில்லை. பிறகு இங்கிலாந்திலிருந்து வந்து தங்கிய நண்பர்களின் முயற்சியால் 1903இல் அது அச்சேறியது. ‘உள்ளது உள்ளபடி’ என்று பொருள்படும் தலைப்பு. படித்தவர்கள் நம்ப மறுத்தார்கள். பின்வந்த பதிப்புகளில், இதில் இருப்பது உண்மைதான் என்று தென்னிந்தியாவில் பணியாற்றிய பிற மிஷனெரிகள் எழுதிய கடிதங்களைச் சேர்க்க வேண்டியிருந்தது.

இந்தச் சம்பவம் என் கேள்விக்கு மையமானது. ஜான்ஸ்டன் முந்திய காலத்து மிஷன் எழுத்துகளைக் கொண்டு சொல்வது இதுதான்: அந்த எழுத்து ஆதரவாளரின் பணப்பையோடும் ஜெபத்தோடும் பிணைந்தது, எனவே அதற்கு ஒரு தொனி முன்கூட்டியே விதிக்கப்பட்டிருந்தது. ஏமியின் கைப்பிரதி திரும்பி வந்த கதை அந்த விதி எழுதப்படாத விதியாகக்கூட இருக்கவில்லை என்பதைக் காட்டுகிறது. தபாலில் வந்த விதி அது.

புத்தகத்தின் அத்தியாய வரிசையும் யோசிக்க வைக்கிறது. இரண்டாம் அத்தியாயத்தின் பெயர், வழக்கமான தடத்தை விட்டு விலகிய மூன்று பிற்பகல்கள் என்ற பொருளில் அமைந்தது. அதற்கு அடுத்ததன் பெயர் சலிப்பான அன்றாடம் என்பதற்கு நெருக்கமான ஒற்றைச் சொல். வாசகரைத் தடத்துக்கு வெளியே கூட்டிப்போய்விட்டு, உடனே திரும்ப இழுத்து வந்து அன்றாடத்தின் முன் உட்கார வைக்கிறார். இது தற்செயலாக அமைந்த வரிசை என்று எனக்குத் தோன்றவில்லை.

அன்றாடம் அங்கே எப்படி இருந்தது? ஒரு தெருவில் ஒரு வீட்டுப் பெண் கேட்க விரும்பினால் பிரச்சினை அங்கேயே ஆரம்பமாகும். அவள் ஞானஸ்நானம் பெற வேண்டுமானால் வீட்டை விட்டு வெளியேற வேண்டும். வெளியேறினால் சாதியிலிருந்து வெளியேறியதாக அர்த்தம். மறுநாள் பங்களா வாசலில் தாயும் மாமன்மாரும் அழுதுகொண்டு நிற்பார்கள். வயதுக் கணக்கு வரும், வழக்கு வரும். அந்தத் தெரு முழுவதும் இனி மிஷனெரிக்குக் கதவைத் திறக்காது. ஆக ஒரு வெற்றி அடுத்த பத்து வீட்டை மூடும். மதமாற்றம் பெண்ணின் கௌரவம், உடை, நடமாட்டம், திருமணம் என எல்லாவற்றையும் தொட்டு மாற்றியதைக் கென்ட் விரிவாக எழுதியிருக்கிறார். சமவெளியில் எந்தப் பேச்சும் பேச்சோடு முடிவதில்லை. அங்கே முகம் மலர்ந்தால் அது மிஷனெரிக்கே பயமளிக்கும் செய்தி.

விடுமுறையில் நடப்பது இதற்கு நேர் எதிர். பாதையில் எதிர்ப்பட்ட கிழவி கேட்கிறாள், சிரிக்கிறாள், போகிறாள். அவளுடைய மருமகள் என்ன சொன்னாள் என்பது கடிதத்தில் வராது, ஏனென்றால் எழுதுபவர் அடுத்த வாரம் கீழே இறங்கிவிடுவார். அந்தச் சந்திப்புக்குப் பின்விளைவு இல்லை. எனவே பாரமும் இல்லை. அந்த மகிழ்ச்சி போலி என்று நான் சொல்லவில்லை. சந்திப்பு சிறியதாக இருப்பதே அதன் ஊற்று என்கிறேன்.

1906இல் ஏமியின் அடுத்த நூல் வந்தது. அதன் தலைப்பிலேயே மகிழ்ச்சி இருக்கிறது, ஆனால் அளவுக்கு மிஞ்சிய எடை என்ற சொல்லோடு சேர்ந்து இருக்கிறது. முந்திய நூலின் இருளுக்குப் பரிகாரமாக எழுதியது என்று சிலர் படிப்பதுண்டு. எனக்கு அப்படித் தெரியவில்லை. மகிழ்ச்சியைத் தராசில் வைக்கும் ஒருவர் இறகைப் பற்றி எழுதவில்லை. 1901 மார்ச்சில், கோயிலுக்கு அர்ப்பணிக்கப்பட இருந்த ஒரு சிறுமி பண்ணைவிளையில் அவரிடம் வந்து சேர்ந்திருந்தாள். அவளுக்குப் பின் வேறு பிள்ளைகள் வந்தார்கள். ‘பிறகு’ என்ன ஆனது என்று நாள்தோறும் பார்க்கும் நிலை வந்துவிட்டது. அந்த நிலையிலிருந்து எழுதிய மகிழ்ச்சி வழிப்போக்கு மகிழ்ச்சியாக இருக்க முடியாது.

கையுறை

இதற்கெல்லாம் முன்பே ஜப்பானில் நடந்த ஒன்று இங்கே பொருந்தும். 1893இல் ஏமி முதலில் போனது ஜப்பானுக்கு. குளிர்காலத்தில் ஒரு நாள், உடன் ஊழியம் செய்த மிசாக்கி என்ற ஜப்பானியப் பெண்ணோடு நோயாளியான ஒரு மூதாட்டியைப் பார்க்கப் போனார். கிழவி கவனமாகக் கேட்டுக்கொண்டிருந்தாள். கனிந்து வரும் தருணத்தில் அவள் பார்வை ஏமியின் கைமேல் விழுந்தது. உரோமம் வைத்த கையுறை. இது என்ன என்று தொட்டுப் பார்த்துக் கேட்டாள். அதன்பின் பேச்சு திரும்பவில்லை. வீட்டுக்கு வந்த ஏமி ஆங்கில உடையைக் கழற்றிவிட்டுக் கிமோனோ உடுத்தத் தொடங்கினார் என்று கதை போகும்.

பிரசங்கங்களில் இந்தக் கதை, ஊழியர் உள்ளூர் உடை உடுத்த வேண்டும் என்ற படிப்பினைக்காகச் சொல்லப்படுகிறது. நான் கிழவி பக்கம் நின்று பார்க்கிறேன். படுக்கையில் கிடப்பவள், வீட்டுக்குள் ஒரு வெள்ளைக்காரப் பெண் வந்திருக்கிறாள், அவள் கையில் இதுவரை பார்த்திராத ஒரு பொருள். அதைத் தொட்டுப் பார்த்ததுதான் அன்றைக்கு அவளுக்கு வாய்த்த சந்தோஷமாக இருக்கக்கூடும். வழிப்போக்குச் சந்திப்பில் இரு தரப்புக்கும் மகிழ்ச்சி உண்டு, ஆனால் இருவரும் ஒரே பொருளைக் கண்டு மகிழவில்லை. முகம் மலர்ந்தது என்று எழுதும் கடிதங்களில் அது எதைக் கண்டு மலர்ந்தது என்பதை நாம் எழுதியவரின் பேச்சிலிருந்தே அறிகிறோம். இந்தக் கதையின் மதிப்பு, எழுதியவரே அந்த விலகலைப் பதிந்து வைத்ததில் இருக்கிறது. அபூர்வமான நேர்மை அது. மற்றபடி சந்திக்கப்பட்டவர்கள் எழுதி வைத்தது நம் கையில் ஏறக்குறைய ஒன்றுமில்லை.

ஒரே மலை, இரண்டு கணக்கு

என் வாதத்தைச் சோதிக்க ஏமியின் சமகாலத்தவர் ஒருவர் உதவுகிறார். ஏமி சேர்ந்திருந்த ஜெனானா மிஷன் சங்கத்தையே சேர்ந்த கேத்தரின் லிங் நீலகிரியில் தோடர்களிடையே ஊழியம் செய்தவர். மற்றவர்கள் ஏப்ரலில் ஏறி ஜூனில் இறங்கிய மலையில் அவர் ஆண்டுக்கணக்கில் கிடந்தார். குன்னூர் வரை ரயில் வந்தது 1899இல், ஊட்டிக்கு வந்தது 1908இல். விடுமுறைக் கூட்டம் அந்த ரயிலேறிப் பெருகியது. மந்து எனப்படும் தோடர் குடியிருப்புக்குப் போய், அரைவட்டக் கூரை வீட்டின் குனிந்து நுழையும் வாசலையும் பெண்களின் சுருட்டிய கூந்தலையும் பார்த்துவருவது வந்தவர்களுக்கு ஒரு பிற்பகல் வேலை. லிங்குக்கோ அது வாழ்க்கை. தோடரிடையே பணி தொடங்கிப் பத்தாண்டுக்கும் மேலான பின், 1904இல்தான் முதல் ஞானஸ்நானம் நடந்தது.

அவர் எழுதிய இரண்டு நூல்களின் தலைப்புகளும் விடியலையும் சூரியோதயத்தையும் பற்றியவை. ஒன்று 1910இல் வந்தது, மற்றது 1934இல். கால் நூற்றாண்டு கழித்தும் பொழுது விடிந்துகொண்டேதான் இருக்கிறது. கேலியாகச் சொல்லவில்லை. மலையில் நிரந்தரமாக இருப்பவருக்கு மகிழ்ச்சி எதிர்காலத்தில் இருக்கிறது, மலைக்கு வந்துபோகிறவருக்கு அது போன செவ்வாய்க்கிழமை நடந்தது.

இன்னொரு கணக்கும் உண்டு. 1901-02இல் தோடர்களை ஆராய வந்த மானுடவியலாளர் ரிவர்ஸ், மொழிபெயர்ப்புக்கு நம்பியவர்களில் ஒருவர் அந்த மிஷனின் உபதேசியார். ரிவர்ஸின் பெரிய நூல் 1906இல் வந்தது, ஏமியின் மகிழ்ச்சி நூல் வந்த அதே ஆண்டு. எருமையையும் பால்மனைச் சடங்கையும் பற்றி உலகம் அறிந்ததில் ஒரு பங்கு, அவற்றைக் கைவிடும்படி சொல்லிவந்த ஒருவரின் நாவழியே போனது. அவர் எந்தப் பருவத்திலும் விடுமுறைக்கு அங்கே வந்தவரல்லர். அவருடைய மகிழ்ச்சியையோ சலிப்பையோ யாரும் அத்தியாயமாக்கவில்லை.

நரைக்காடு

ஏமியின் எழுத்தில் விடுமுறை பிற்பாடு வேறு பொருள் கொள்கிறது. இதுதான் என் வாதத்துக்கு வலுவும் சிக்கலும் சேர்க்கும் இடம்.

டோனாவூரில் பிள்ளைகள் பெருகினார்கள். அங்கே உறவுமுறைகள் தமிழிலேயே வழங்கின: ஏமி அம்மா, கூட வேலை செய்த ஐரோப்பியப் பெண்கள் சித்தி, தமிழ்ப் பெண்கள் அக்காள், ஆண்கள் அண்ணாச்சி. இவ்வளவு பேரையும் கூட்டிக்கொண்டு கோடையில் தூரத்து மலைக்குப் போக முடியாது. 1917இல் டோனாவூருக்கு மேற்கே மலையில் நரைக்காடு என்ற இடத்தில் நிலம் வாங்கினார்கள். காட்டு வீடு எழும்பியபோது ஏமி அங்கேயே தங்கிக் கொத்தர்களையும் தச்சர்களையும் மேற்பார்த்தார். 1920இல் அந்தக் காட்டைப் பற்றியே ஒரு நூல் எழுதினார். இன்று அந்தச் சுற்றுப்புறம் களக்காடு முண்டந்துறைப் புலிகள் காப்பகத்துக்குள் இருக்கிறது.

கொடைக்கானல் மரபிலிருந்து இது இரண்டு வகையில் விலகுகிறது. ஓய்வு இங்கே தமிழ்ப் பிள்ளைகளுக்கும் அக்காள்களுக்கும் உரியதானது. வெள்ளை உடம்பின் மருத்துவ நியாயம் பின்னுக்குப் போய்விட்டது. காட்டு ஓடையின் மடுவில் நீந்தத் தெரிந்த திருநெல்வேலிப் பெண்பிள்ளைகள் அக்காலத்தில் வேறெங்கே இருந்தார்கள் என்று யோசித்துப் பார்க்கலாம். அடுத்தது, காட்டில் வழிப்போக்கர் இல்லை. எதிர்ப்பட்டு, கேட்டு, சிரித்து, போகும் கிழவி அங்கே இல்லை. கூட வந்தவர்கள்தான் இருக்கிறார்கள், அவர்கள் நாளையும் இருப்பார்கள். அன்னியரிடம் சொல்லிக் கண்ட மகிழ்ச்சி, சேர்ந்திருப்பவர்களோடு அனுபவிக்கும் மகிழ்ச்சியாக மாறியது.

இதையும் ஒரு பக்கச் சாட்சியாகத்தான் எடுத்துக்கொள்ள முடியும். அந்தப் பிள்ளைகள் பிறந்த வீடுகள் டோனாவூரை எப்படிப் பார்த்தன என்பதை ஏமியின் பேனா நமக்கு நடுநிலையாகச் சொல்லாது. பெண் குழந்தைகளைக் கோயிலுக்கு விடும் வழக்கத்தின் கொடுமையை அவர் மிகைப்படுத்தவில்லை என்று வாதிடலாம். அந்த வழக்கத்தின் வழியே அவர் முழு இந்து சமூகத்தையும் படித்தார் என்பதை மறுப்பது கடினம். காட்டு வீட்டின் மகிழ்ச்சியை ஏற்பவர்கள் இந்தக் கணக்கையும் சேர்த்தே ஏற்க வேண்டியிருக்கிறது.

தமிழ்ப் பெண்களின் தரப்பு என்று நாம் சொல்லிக்கொள்ளக்கூடிய நூல் பொன்னம்மாளைப் பற்றியது. அதையும் எழுதியவர் ஏமிதான், 1918இல் வெளிவந்தது. நட்சத்திரக் கூட்டத்தோடு வெயிலில் சுற்றியவர், பிள்ளைகளின் பாலையும் படுக்கையையும் பார்த்துக்கொண்டவர் பொன்னம்மாள். நரைக்காட்டு நிலம் வாங்கப்படுவதற்கு இரண்டு வருடம் முன்னதாக, 1915இல், புற்றுநோயில் அவர் இறந்துவிட்டார்.